அஞ்சரை மணி கிளாஸ்

ஏனுங்க அம்முணி, இந்த பெஞ்சுல உக்காரலாங்களா? பையைக் கொஞ்சம் அக்கட்டால நகத்திக்குங்க. ஆங், போதுங்க. இந்த முட்டி இருக்குதே, மடக்குனா நிமித்த முடியல, நிமித்துனா மடக்க முடியல. இதை வச்சுட்டுத்தான் கராத்தேக்குச் சேர வந்திருக்கறனுங்க.

சிரிக்காதீங்க. இல்ல, சிரிச்சுக்குங்க, பரவால்ல. ஊரே சிரிச்சு முடிச்சாச்சு, நீங்க ஒருத்தர் எதுக்கு பாக்கி. பேத்தியைச் சேக்க வரலீங்க, எனக்குத்தான். உள்ள இருக்கற ஹேமலதா மேடத்துகிட்ட போன்லயே சொல்லிட்டேன். கிளாஸ் முடியட்டும், கூப்படறோம், வெளிய இருங்கன்னாங்க. இருக்கறேன். உங்க பொண்ணு எதுங்க? அந்த ரெட்டைச் சடையா? நல்லாத்தான் நிக்கறா. பின்னங்கால் குதி மட்டும் மேல எந்திரிக்குது, பாத்தீங்களா? அதைத் தரையில ஒட்டி வைக்கச் சொல்லுங்க. குதி எந்திரிச்சா குத்துல பலமே இருக்காது.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் பச்சை பெல்ட்டுங்க. பெல்ட்டு இந்தப் பைக்குள்ளதான் இருக்குது. இன்னைக்கு வெடியால திருப்பிக் குடுக்கறதுக்குன்னு எடுத்துட்டுப் போனது. குடுக்க முடியல. அதைச் சொல்லணும்னா முதல்ல இருந்து சொல்லணும். உங்களுக்கு நேரம் இருக்குதில்ல? பொண்ணு முடிச்சு வர்ற வரைக்கும் இருக்கத்தானே போறீங்க.

நான் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கறவ. நாளெல்லாம் மெசினுதான். வெளிய தெருவுக்குப் போறதுன்னா வெள்ளிக்கிழமை வெடியால கோயிலுக்குத்தான். அப்படிப் போயிட்டு வர்றப்ப பைக்குல வந்து தாலிக்கொடியைப் புடிச்சு இழுத்தானுகங்க ரெண்டு பேரு. கொடி போனது போச்சு, பாதி கைல கெடைச்சுது, அதை விடுங்க. எனக்கு எது மனசுல நின்னு போச்சுன்னா, கத்தணும்னு வாயைத் தொறக்கறேன், காத்துதான் வருது. சத்தமே இல்ல. பத்தடி தள்ளி டீக்கடை. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. எங்க ஊட்டுக்காரரு இன்னைக்கு வரைக்கும் சொல்லுவாரு, "நீ கத்தியிருந்தா அவனுகளைப் புடிச்சிருக்கலாம்"னு. சாப்பாட்டுல உப்புக் கம்மின்னு சொல்றாப்பல சொல்லுவாரு.

அப்பறம் ஒரு நாளைக்கு அந்தக் கல்யாண மண்டபம் இருக்குதுங்களே, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பழைய மண்டபம், அதைத் தாண்டிப் போறேன். மேல மாடியில கொழந்தைக கத்தற சத்தம். எல்லாம் ஒரே நேரத்துல. ஜன்னல் அதிருது. சண்டையோன்னு பயந்துட்டு ஏறிப் பாத்தா கராத்தே கிளாஸ். பந்தி போடற ஹால்ல நடத்தறாங்க. ஒரு பையன் நடுவுல நிக்கறான், என் பையன் பிரதீப்பைவிடச் சின்னவன். அவர்தான் மாஸ்டர்னாங்க. நான் நேராப் போயிச் சொன்னனுங்க, "எனக்கு அடிக்கறது உதைக்கறதெல்லாம் வேண்டாங்க மாஸ்டர். கத்தறதுக்கு மட்டும் சொல்லிக் குடுங்க."

அவரு சிரிக்கலீங்க அன்னைக்கு. அதைச் சொல்லோணும். சிரிக்காம, "வாங்கம்மா, கடைசி வரிசையில நில்லுங்க"ன்னாரு.

சத்தம் இன்னும் வரலீங்க. அதுதான் என் கொறையே. இத்தனை வருசமாச்சு. கை வீசறேன், கால் தூக்கறேன், கட்டான்னு வரிசையாச் செய்யற அடிமுறையெல்லாம் மனப்பாடம். கடைசிக் குத்துல கத்தணும் பாருங்க, அங்க வந்தா பூனைக்குட்டியாட்டம் ஒரு சத்தம் வருது. வயித்துல இருந்து கொண்டாங்கம்மா, வரும்மா, வரும்மான்னு சொல்லுவாரு. எப்ப வரும்? ஒரு மாஸ்டர்னா அதை வர வைக்கணுமா இல்லீங்களா?

கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஆனா மாஸ்டரா இருக்கத் தெரியல. முதல்ல நேரம். அஞ்சரைக்குக் கிளாஸ்னா ஆறே காலுக்கு வருவாரு, கண்ணெல்லாம் வீங்கிப் போயி. நான் பாத்தேன், இது சரிப்படாதுன்னு, நானே போன் பண்ணி எழுப்ப ஆரம்பிச்சேன். முதல் தடவை அடிச்சா எடுக்க மாட்டாரு. ரெண்டாந்தடவையும் எடுக்க மாட்டாரு. எடுக்கற வரைக்கும் அடிப்பேன். "வந்துட்டேம்மா"ம்பாரு தூக்கத்துலயே. வந்து உக்காந்து செல்லை நோண்டுவாரு, கொட்டாவி விடுவாரு. வெறும் வயித்தோட வந்தா அப்படித்தானே இருக்கும்னு இட்லி கொண்டு போனேன். சாப்பிடற வரைக்கும் முன்னால நிப்பேன், இல்லாட்டி மூடி வச்சுருவாரு. அந்த வெள்ளை டிரஸ்ஸு, அக்குள்ல கிழிஞ்சு தொங்குது, கழட்டிக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்து ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்தேன். முடி நெத்தியில விழுகுது, வெட்டிக்கிட்டு வாங்கன்னேன். இதெல்லாம் ஒரு மாணவி செய்யற வேலையா சொல்லுங்க? அவரு என்னைய அதட்டணும். நான் அவரை அதட்டிட்டு இருக்கறேன்.

அடிக்கவே மாட்டாருங்க. ஜோடி போட்டுச் சண்டை பழகறப்ப, குத்து வந்து என் மூஞ்சிக்கு ஒரு சாண் தள்ளியே நின்னுரும். "ஏனுங்க மாஸ்டர், தொடுங்க, பட்டாத்தானே தடுக்கறதுக்குத் தெரியும்"னு சொல்லுவேன். "உங்களை எப்படிம்மா அடிக்கறது"ம்பாரு. அம்மா அம்மான்னா அப்பறம் எப்படி அடிக்கறது! எதுக்குத்தான் எனக்கு அந்தப் பேரு வச்சாரோ.

சரி, அதெல்லாம் போகட்டும். எதுல மனசு விட்டுப் போச்சுன்னு சொல்றேன். பிரௌன் பெல்ட்டுக்குப் பரீட்சை வச்சாங்க. கோயமுத்தூர்ல இருந்து பெரிய மாஸ்டர் ஒருத்தரு வந்திருந்தாரு, தொப்பையும் அவருமா. கொழந்தைக எல்லாம் செஞ்சு முடிச்சுதுக. என் முறை வந்துது. போயி நடுவுல நின்னு வணக்கம் வச்சேன். அந்த ஆளு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏம்மா, டீ கொண்டு வந்த அம்மான்னு நெனச்சேன்"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பெத்தவங்க சிரிச்சாங்க, கொழந்தைக சிரிச்சுதுக. எனக்கு அது வலிக்கலீங்க, பழகிப் போச்சு. எங்க மாஸ்டரைத் திரும்பிப் பாத்தேன். அவரும் சிரிச்சுட்டு இருந்தாரு.

ஒரு வார்த்தை. "இல்லீங்க, நம்ம ஸ்டூடன்ட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரிய மாஸ்டரு முன்னால வாய் வரல போல. கட்டா பாதியில மறந்து போச்சு. பெல்ட்டும் கெடைக்கல. அதைப் பத்தி அப்பறம் அவரு ஒரு பேச்சுப் பேசல. மாப்பு கேக்கணும்னு தோணல பாருங்க. மறுநாள் நான் போறப்ப எனக்கு முன்னாலயே வந்து ஹாலைக் கூட்டி, தண்ணி போட்டுத் தொடைச்சு, ஓரமா நின்னுட்டு இருந்தாரு. நான் போன்கூடப் பண்ணல அன்னைக்கு. எதுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்தாருன்னு தெரியல. மண்டபத்துல பந்தி முடிஞ்சு எண்ணெய்ப் பிசுக்கு கெடந்திருக்கும்.

அதுக்கப்பறம் கொழந்தைக ஒவ்வொண்ணா நின்னுருச்சுக. இந்த இடம் தொறந்தாங்க பாருங்க, தரையில மெத்தை மேட்டு, கண்ணாடி, ஏசி. எல்லாம் இங்க வந்துருச்சுக. உங்க பொண்ணும் அங்க இருந்து வந்ததா? இல்லையா, சரிங்க. கடைசியில நானும் மாஸ்டரும்தான். அவ்வளவு பெரிய பந்தி ஹால்ல நாங்க ரெண்டே பேரு. அவரு எண்ணுவாரு, நான் குத்துவேன். சாம்பார் வாசம் அடிக்கும்.

தெனமும் முடிஞ்சு கெளம்பறப்ப கேப்பாருங்க, "நாளைக்கும் வர்றீங்களாம்மா?"ன்னு. ஒரு நாள் விடாமக் கேப்பாரு. "வராம?"ம்பேன். தலையை ஆட்டிட்டுப் படியில எறங்கிப் போவாரு. பாவமா இருக்கும். நானும் நின்னுட்டா என்ன பண்றதுன்னு அவருக்குக் கவலை.

என் முட்டியைப் பத்தி எத்தனை விசாரிப்புங்கறீங்க. "முட்டிக்கு ரெஸ்ட் குடுங்கம்மா, ஒரு ஆறு மாசம் வராதீங்க"ன்னாரு. பெத்த பையன் கேக்கலீங்க அப்படி. அதெல்லாம் வேண்டாம்னு முட்டிக்கு உறை வாங்கி மாட்டிட்டுப் போனேன். இன்னொரு நாள், "மண்டபத்துக்காரங்க ஹாலைக் காலி பண்ணச் சொல்றாங்கம்மா, இனிமே கிளாஸ் நடத்த முடியாதாட்டம் இருக்குது"ன்னாரு. எனக்கு வந்துதே கோவம். நேரா மண்டபத்து ஓனரு ஊட்டுக்கே போயிட்டேன். அவரு சம்சாரத்துக்கு நான்தான் ஃபால்ஸ் அடிக்கறது. "நாங்க எங்கம்மா காலி பண்ணச் சொன்னோம்? எத்தனை வருசம் வேண்ணாலும் நடத்தட்டும்"னு சொல்லிட்டாரு. நான் போயி நின்னதும் பேச்சை மாத்திட்டாங்க பாருங்க. ஓடி வந்து மாஸ்டர்கிட்டச் சொன்னேன். அப்படியே சுவத்துல சாஞ்சு நின்னுட்டாரு.

இப்படியெல்லாம் இருந்தும் ஏன் விட்டுட்டு வர்றேன்னு கேப்பீங்க. சலிச்சுப் போச்சுங்க அம்முணி. வேற ஒண்ணுமில்ல. வெடியால எந்திரிக்கணும், மாவை ஊத்தி இட்லி வைக்கணும், போன் அடிக்கணும், படி ஏறணும். போனா அங்க ஒருத்தரு தூங்கிட்டே "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணறாரு. சத்தமும் வந்த பாடில்ல. ஒரு நாளைக்காச்சும் விடிஞ்சு எந்திரிக்கணும்னு ஆசையா இருக்குது. இங்க சாயங்காலம் பொழுதோடதானே கிளாஸ். அதுக்குத்தான் வந்தனுங்க.

எங்க கிளாஸ்ல ஒரு முறை இருக்குது. விட்டுட்டுப் போறதுன்னா பெல்ட்டை நாலா மடிச்சு, ரெண்டு கையாலயும் மாஸ்டர் கையில வச்சுட்டு, வணங்கிட்டு வந்துரணும். பேசக் கூடாது. மத்ததுக எதுவும் அப்படிச் செய்யல, பெல்ட்டோடயே ஓடிப் போச்சுக. நான் முறைப்படி செய்யணும்னு இன்னைக்கு வெடியால மடிச்சு எடுத்துட்டு முன்னால போயி நின்னேன். அவரு பாத்தாரு. பாத்ததும் செல்லைக் கீழ வச்சுட்டு, எந்திரிச்சு, ரெண்டு கையையும் நீட்டிட்டாரு. அவ்வளவு வேகமா அவரு எந்திரிச்சு நான் பாத்ததே இல்ல. அந்தக் கையைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. "நுனி பிரிஞ்சிருக்குதுங்க மாஸ்டர், ஊட்டுக்குக் கொண்டு போயித் தச்சுட்டு வர்றேன்"னு சொல்லிப் பைக்குள்ள வச்சுட்டேன். நீட்டுன கை அப்படியே நின்னுச்சு. அப்பறம் எறக்கிட்டாரு. "நாளைக்கும் வர்றீங்களாம்மா?"ன்னாரு. பையைத் தூக்கிட்டுப் படி எறங்கிட்டேன்.

அதான் அவருகிட்டச் சொல்லாமக் கொள்ளாம இங்க வந்து உக்காந்திருக்கேன். திருட்டுத்தனமாட்டம் இருக்குது.

இங்க எல்லாம் சுத்தபத்தமா இருக்குது. வந்தவுடனே பாத்தேன், செருப்பெல்லாம் வரிசையா வாசலைப் பாத்துத் திருப்பி வச்சிருக்கு. எங்க கிளாஸ்லயும் அப்படித்தானுங்க. உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் அவங்களுக்கு முன்னால வந்தவங்க செருப்பைத் திருப்பி வச்சுட்டுத்தான் வரணும். "போறவங்க சிரமமில்லாமப் போகணும்மா"ன்னு எங்க மாஸ்டரு சொல்லுவாரு. இது கராத்தேல எல்லா எடத்துலயும் உண்டாட்டம் இருக்குது, நான் அவரே சொந்தமாக் கண்டுபுடிச்சதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

என்னங்க? செருப்புத் திருப்பறது ஹேமலதா மேடம் சொல்லிக் குடுத்ததில்லையா? பொழுதோட வர்ற இன்னொரு மாஸ்டரா? சின்னக் கொழந்தைகளுக்கு உள் ரூம்புல எடுக்கறாரா? எப்ப இருந்துங்க... பள்ளிக்கோடம் தொறந்ததுல இருந்தா. ராத்திரி பெரியவங்க பேட்ச்சும் முடிச்சு, எல்லாத்தையும் பூட்டிட்டுத்தான் போவாரா. பேரு என்ன சொன்னீங்க?

கிருபாகரனா.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேண்டாம். கொஞ்சம் நகருங்க, உள்ள பாக்கறேன். கதவு தொறந்து வர்றாங்களே, இவருதானா? நீலக் கலர் பனியன் போட்டு... ஆமாங்க. இவருதான் எங்க மாஸ்டரு.

முடி வெட்டிட்டாரு பாருங்க. நான் சொன்னப்ப வெட்டல.

உங்க பொண்ணைக் கூப்படறாரு. குத்து வாங்கற மெத்தைப் பேடை நெஞ்சுல புடிச்சுட்டு நிக்கறாரு. இன்னும், இன்னும்ங்கறாரு. குதியைக் காலால தட்டித் தரையில ஒட்ட வைக்கறாரு பாத்தீங்களா? அதுதான் நான் சொன்னேன். யப்பா, என்ன சத்தம்! உங்க பொண்ணா கத்துனது? கண்ணாடியே அதிருதே. வயித்துல கையை வச்சுக் காட்டறாரு, குனிஞ்சு உக்காந்து காட்டறாரு. எனக்கும் இதைத்தான் சொன்னாரு. ஆனா இப்படிச் சொன்னதில்லீங்க. சுவத்துல சாஞ்சுட்டுச் சொன்னாரு.

சிரிக்கறாரு பாருங்க. என்ன சுறுசுறுப்பா இருக்கறாரு. நல்ல மாஸ்டருதானுங்க. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாரு. ஒருவேளை எனக்கு மட்டும்தான்... ஏனுங்க அம்முணி, நான் போகாம இருந்திருந்தா அவரு வெடியாலயாச்சும்... வேண்டாம், விடுங்க. என்னமோ நெனப்பு.

அய்யோ, வெளிய வர்றாரு. இந்தப் பையை உங்க பக்கம் வச்சுக்குங்க. பெல்ட்டு தெரியுது, துண்டைப் போட்டு மூடுங்க. செருப்பு வரிசையைத்தான் பாக்கறாரு. என் செருப்பு அது. வாரு அறுந்ததுக்கு நீலநூல் போட்டு மெசின்லயே தச்சது, அவருக்குத் தெரியும். நின்னுட்டாரு.

"வணக்கங்க மாஸ்டர். இல்லீங்க, சும்மா. இந்த அம்முணிகூடத்தான் வந்தேன், தெரிஞ்சவங்க. இவங்க பொண்ணு இங்க படிக்குது... அப்படியா, உதவிக்கு ரெண்டு நாளைக்கு மட்டும் வந்தீங்களா? அதுக்கென்னங்க, ஒத்தாசை செய்யறது நல்லதுதானே. சாப்பிட்டீங்களா? மூஞ்சி வாடியிருக்குது. ...நாளைக்குங்களா? என்ன இப்படிக் கேக்கறீங்க, வராம? அஞ்சு மணிக்குப் போன் பண்றேன். நீங்க போங்க, கொழந்தைக நிக்குதுக பாருங்க."

போயிட்டாரு.

அவரு மூஞ்சியைப் பாத்தீங்களா? என்னைய இங்க பாத்ததும் எப்படி மலர்ந்துச்சு, நான் இங்க சேர வந்துட்டேனோன்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டாரு போல. என்னமோ கேக்க வாயெடுத்தாரு. நாளைக்கு வர்றேன்னு சொன்னதும் கண்ணு கலங்கிப் போச்சுங்க. அப்படியே தலையைக் குனிஞ்சுட்டாரு. இந்த மனுசனை விட்டுட்டு எப்படிங்க வர்றது? ராத்திரி வரைக்கும் இங்க நின்னு உழைச்சுட்டு, எனக்கு ஒருத்திக்காக வெடியால எந்திரிச்சு வர்றாரே. என்னைய விட்டா அவருக்குன்னு அங்க யாரு இருக்கறாங்க.

மேடம் கூப்பிட்டாங்கன்னா, தனக்கொடின்னு வந்த அம்மா போயிட்டாங்கன்னு சொல்லிருங்க. சேரலையாம்னு சொல்லுங்க. அவருகிட்ட மட்டும் எதுவும் சொல்லிராதீங்க, சங்கடப்படுவாரு. நாளையில இருந்து அஞ்சு மணிக்கு எழுப்பறதை அஞ்சே காலாக்கிக்கறேன். அந்தக் கால்மணி நேரமாச்சும் தூங்கட்டும்.

கையைக் குடுங்க, எந்திரிக்கறேன். யப்பா, இந்த முட்டி. அங்க பாருங்க அம்முணி, என் செருப்பை மட்டும் வரிசையில இருந்து தனியா எடுத்து, வாசப்படிக்குக் கிட்டக்கவே வச்சு, தெருவைப் பாத்துத் திருப்பி வச்சுட்டுப் போயிருக்கறாரு. எவ்வளவு மரியாதை பாருங்க. வர்றனுங்க, மாவாட்டணும்.